ரூட்டரின் மனத்தில் என்ன இருக்கிறது?

உங்கள் பள்ளியின் கணிப்பொறி அறை மூலையில், சுவரோடு பொருத்திய இரும்புப் பெட்டி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். நீலமும் மஞ்சளுமான பல கம்பிகள் அதற்குள் நுழைகின்றன. சின்னஞ்சிறு பச்சை விளக்குகள் ஓயாமல் கண் சிமிட்டுகின்றன. அதற்குத் திரை இல்லை, விசைப்பலகை இல்லை. ஆயினும் அந்த அறையிலுள்ள ஒவ்வொரு கணிப்பொறியும் வெளியுலகோடு பேசுவது அந்தப் பெட்டியின் தயவால்தான்.

அப்பெட்டி இந்த நிமிடத்தில் எந்தெந்த விதிகளின்படி வேலை செய்துகொண்டிருக்கிறது? யாருக்கு வழி விடுகிறது? யாரைத் தடுக்கிறது? விளக்குகளைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. அவை கம்பியில் போக்குவரத்து நடக்கிறது என்பதை மட்டுமே காட்டும். அதை அமைத்தவரைக் கேட்கலாம். ஆனால் அவர் வேலை மாறிப் போயிருக்கலாம், மறந்தும் போயிருக்கலாம். ஒரே ஒரு வழிதான் நம்பத் தகுந்தது: பெட்டியையே கேட்பது. அதை எப்படிக் கேட்பது, அது சொல்லும் பதிலை எப்படிப் படிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பெட்டிக்குள் ஒரு கணிப்பொறி

இணையத்தில் செல்லும் படமானாலும் பாட்டானாலும் சிறு சிறு பொட்டலங்களாக உடைக்கப்பட்டே அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும் எண்களாகப் பொறிக்கப்பட்டிருக்கும். ஓர் அறைக்குள் அல்லது ஒரு கட்டடத்துக்குள் இருக்கும் கணிப்பொறிகளை இணைக்கும் பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர். ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொரு வலையமைப்புக்குப் பொட்டலங்களை வழியறிந்து அனுப்பும் பெட்டிக்கு ரூட்டர் என்று பெயர். தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் ஊழியர் செய்வதைத்தான் ரூட்டரும் செய்கிறது. ஆனால் வினாடிக்கு ஆயிரக்கணக்கில், பெரிய ரூட்டராயின் கோடிக்கணக்கில்!

இவ்வேலையைச் செய்ய ரூட்டருக்குள் ஒரு முழுக் கணிப்பொறியே இருக்கிறது. ஆனால் எந்த வாசலுக்கு எந்த முகவரி, எந்தப் பொட்டலத்தை எந்தப் பக்கம் தள்ள வேண்டும், யாரை உள்ளே விடலாம் என்பவற்றை மனிதர்தாம் அதற்குச் சொல்லித் தர வேண்டும். இவ்வாறு சொல்லித் தந்த கட்டளைகளின் தொகுப்பைப் பொறியாளர்கள் கன்ஃபிகரேஷன் என்பர். நாம் அதனை அமைவு விதிகள் என்று அழைப்போம்.

நான்கு நினைவகங்கள்

அமைவு விதிகள் எங்கே இருக்கின்றன? ரூட்டர்கள் பல கம்பெனிகளால் செய்யப்படுகின்றன. 1984ஆம் ஆண்டு அமெரிக்காவில் லியோனார்ட் போசாக், சாண்ட்ரா லெர்னர் என்னும் இருவர் தொடங்கிய சிஸ்கோ கம்பெனியின் முறை உலகெங்கும் பரவியது. வேறு பல கம்பெனிகளும் அதையொட்டியே கட்டளைகளை அமைத்தன. ஆகவே அதையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

அத்தகைய ரூட்டர் ஒன்றில் நான்கு வகை நினைவகங்கள் உண்டு. முதலாவது ரோம். மின்சாரம் வந்தவுடன் முதலில் விழித்தெழுந்து பிற உறுப்புகளைச் சோதிக்கும் சிறு நிரல் இதில் உள்ளது. இரண்டாவது ஃபிளாஷ். ரூட்டரை இயக்கும் பெரிய நிரலான இயக்க முறைமை இதில் குடியிருக்கிறது. மூன்றாவது என்.வி.ரேம். மின்சாரம் போனாலும் அழியாத இச்சிறு நினைவகத்தில்தான் சேமித்து வைத்த அமைவு விதிகள் உள்ளன. இவற்றைத் தொடக்க விதிகள் எனலாம். நான்காவது ரேம். ரூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அது பின்பற்றும் விதிகள் யாவும் இதில் இருக்கின்றன. இவையே நடப்பு விதிகள்.

சுவிட்சைப் போட்டதும் நடப்பது இதுதான். ரோமில் உள்ள நிரல் சோதனையை முடிக்கிறது. ஃபிளாஷிலிருந்து இயக்க முறைமை ரேமுக்கு வருகிறது. பின்னர் என்.வி.ரேமில் உள்ள தொடக்க விதிகளைப் படித்து, அவற்றையே ரேமில் நடப்பு விதிகளாகக் கொள்கிறது. அந்த நொடியில் இரண்டும் ஒன்றே. அதன் பிறகு நாம் இடும் ஒவ்வொரு புதுக் கட்டளையும் ரேமில் உள்ள நடப்பு விதிகளை மட்டுமே மாற்றும், என்.வி.ரேமில் உள்ளவை பழையபடியே கிடக்கும். இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். நாம் பின்னர் காணப்போகும் தொல்லைகளில் பாதி இதிலிருந்தே பிறக்கின்றன.

ரேமில் உள்ளது மின்சாரம் போனால் ஏன் அழிகிறது? அதன் ஒவ்வொரு அறையும் நுண்ணிய ஒரு மின்தேக்கி. அதில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லையேல் 0. அம்மின்தேக்கியின் மின்தேக்கு திறன் 20 ஃபெம்டோஃபாரட் என்றும், மின்னழுத்தம் 1 வோல்ட் என்றும் கொள்வோம். ஃபெம்டோ என்பது பத்தின் அடுக்கு மைனஸ் 15. மின்னூட்டம் = மின்தேக்கு திறன் × மின்னழுத்தம் என்ற வாய்பாட்டின்படி கணக்கிட்டு, ஓர் எலெக்ட்ரானின் மின்னூட்டத்தால் வகுத்தால் ஏறத்தாழ 1,25,000 எலெக்ட்ரான்கள் என்று விடை வரும். ஓட்டைப் பானை நீர் போல இவை கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே பொதுவாக 64 மில்லி வினாடிக்குள் ஒரு முறை ஒவ்வொரு அறையையும் படித்து, மீண்டும் நிரப்பியாக வேண்டும். மின்சாரம் நின்றால் நிரப்புவார் இல்லை. ஃபிளாஷ் வகையிலோ எலெக்ட்ரான்கள் மின்கடத்தாப் பொருளால் சூழப்பட்ட ஒரு தீவில் சிறைப்பட்டிருக்கின்றன. மின்சாரம் இல்லாமலே ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும்.

ஆக, ஒரு கல்லூரியின் அல்லது ஒரு மருத்துவமனையின் வலையமைப்பு முழுவதும் இந்த நொடியில் கட்டுப்பட்டு நடப்பது, கசியும் மின்தேக்கிகளில் எழுதப்பட்ட விதிகளுக்கே!

பெட்டியோடு பேசுவது

திரையும் விசைப்பலகையும் இல்லாத பெட்டியோடு பேச இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, கன்சோல் என்னும் தனி வாசல். அதற்கென்ற கம்பியால் மடிக்கணினியை நேரே இணைத்துவிடலாம். வலையமைப்பு அடியோடு செத்துக் கிடந்தாலும் இவ்வழி திறந்திருக்கும். இதில் வழக்கமான வேகம் வினாடிக்கு 9600 பிட். ஓர் எழுத்துக்கு 8 பிட்டும், அதன் தொடக்கத்தையும் முடிவையும் காட்ட ஒவ்வொரு பிட்டும் ஆக 10 பிட் தேவை. எனவே வினாடிக்கு 960 எழுத்துகள் வரும். இன்றைய வேகங்களை நோக்க இது நத்தை நடைதான். ஒரு லட்சம் எழுத்துள்ள விதித் தொகுப்பைக் காண ஏறத்தாழ ஒன்றே முக்கால் நிமிடம் ஆகும். எனினும் அவசர வேளையில் கைகொடுப்பது இதுவே.

மற்றொரு வழி, வலையமைப்பு மூலமாகவே தொலைவிலிருந்து பேசுவது. முன்பு டெல்நெட் என்ற முறை இதற்குப் பயன்பட்டது. அதில் கடவுச்சொல் உட்பட எல்லாம் அப்பட்டமாகக் கம்பியில் செல்லும். இடையில் ஒட்டுக் கேட்பவர் படித்துவிடலாம். ஆகையால் எழுத்துகளை மறையாக்கி அனுப்பும் எஸ்.எஸ்.எச். என்ற முறையே இப்போது பரிந்துரைக்கப்படுகிறது.

எவ்வழியில் சென்றாலும் திரையில் தோன்றுவது படமோ பொத்தானோ அன்று. ரூட்டரின் பெயரும் அதை அடுத்து ஒரு குறியும் தோன்றும். அதன் பின் நாம் ஒரு வரி எழுத வேண்டும். ரூட்டர் பதில் வரிகளைத் தரும். இதுவே கட்டளை வரி முறை. பெயருக்குப் பின் '>' என்ற குறி இருந்தால் நீங்கள் திண்ணையில் இருக்கிறீர்கள் என்று பொருள். சில பொதுவான செய்திகளை மட்டும் கேட்கலாம். 'இனேபிள்' என்று எழுதி, கடவுச்சொல்லும் தந்தால் குறி '#' என்று மாறும். இப்போது வீட்டுக்குள் வந்துவிட்டீர்கள். விதிகளைக் கேட்க இந்த இரண்டாம் படியில் இருக்க வேண்டும்.

இனி, நமது கேள்வியைக் கேட்போம். கருவியில் இவையெல்லாம் ஆங்கில எழுத்துகளில்தான் இருக்கும். இங்கு ஒலிப்பை மட்டும் தமிழில் தருகிறோம். கேள்வி இதுதான்:

ஷோ ரன்னிங்-கன்ஃபிக்

'ஓடிக்கொண்டிருக்கும் அமைவைக் காட்டு' என்பது இதன் பொருள். 'ஷோ ரன்' என்று சுருக்கி எழுதினாலும் போதும். வேறு எதனோடும் குழம்பாத அளவுக்கு முதல் சில எழுத்துகள் இருந்தால் ரூட்டர் புரிந்துகொள்ளும். எதை எழுதுவது என்று ஐயம் வந்தால் ஒரு கேள்விக்குறியைத் தட்டலாம். அடுத்து எழுதக்கூடிய சொற்களை ரூட்டரே பட்டியலிட்டுக் காட்டும்.

பதில் ஏறத்தாழ இவ்வாறு வரும். சில வரிகளை மட்டும் தருகிறோம்:

பில்டிங் கன்ஃபிகரேஷன்...
கரன்ட் கன்ஃபிகரேஷன் : 1342 பைட்ஸ்
!
ஹோஸ்ட்நேம் லைப்ரரி
!
இன்டர்ஃபேஸ் கிகாபிட்ஈதர்நெட்0/0
டிஸ்கிரிப்ஷன் எக்ஸாம் ஹால்
ஐ.பி. அட்ரஸ் 192.168.10.1 255.255.255.0
!
இன்டர்ஃபேஸ் கிகாபிட்ஈதர்நெட்0/1
ஐ.பி. அட்ரஸ் 192.168.1.2 255.255.255.0
!
இன்டர்ஃபேஸ் கிகாபிட்ஈதர்நெட்0/2
நோ ஐ.பி. அட்ரஸ்
ஷட்டவுன்
!
ஐ.பி. ரூட் 0.0.0.0 0.0.0.0 192.168.1.1
!
எண்ட்

வரிக்கு வரி

முதல் வரியே சுவையானது. 'அமைவைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்' என்கிறது ரூட்டர். ஏன்? நடப்பு விதிகள் ரேமில் இப்படி வரி வரியாக எழுதி வைக்கப்படவில்லை. அவை ரூட்டரின் பல பகுதிகளில் எண்களாகவும் அட்டவணைகளாகவும் சிதறிக் கிடக்கின்றன. நாம் கேட்டவுடன், ரூட்டர் ஒவ்வொரு பகுதியையும் விசாரித்து, 'நீ இப்போது எந்த விதியின்படி நடக்கிறாய்?' என்று கேட்டு, விடைகளைத் தொகுத்து, மனிதர் படிக்கும் வரிகளாக்கித் தருகிறது. பழைய ஓலையைத் தேடி எடுத்துப் படிப்பதன்று இது. அந்த நொடியில் எடுக்கப்படும் வாக்குமூலம்.

ஆச்சரியக்குறிகள் பத்தி பிரிப்பதற்காக உள்ளவை. 'ஹோஸ்ட்நேம்' ரூட்டரின் பெயர், இங்கு நூலகம். அடுத்து ஒவ்வொரு வாசலுக்கும் உரிய விதிகள். முதல் வாசலின் முகவரி 192.168.10.1. இந்த நான்கு எண்களும் ஒவ்வொன்றும் 8 பிட். ஆக முகவரியின் நீளம் 32 பிட். பக்கத்தில் உள்ள 255.255.255.0 என்பதை இரும எண்களாக எழுதிப் பாருங்கள். முதல் 24 இடங்களிலும் 1, கடைசி 8 இடங்களிலும் 0 வரும். முதல் 24 பிட் தெருவைக் குறிக்கும், கடைசி 8 பிட் வீட்டு எண்ணைக் குறிக்கும் என்பதே இதன் கருத்து. 8 பிட்டில் 256 எண்கள் அடங்கும். முதல் எண் தெருவையே குறிக்கவும், கடைசி எண் தெரு முழுவதையும் கூவி அழைக்கவும் ஒதுக்கப்படுவதால், எஞ்சிய 254 முகவரிகளைக் கருவிகளுக்குத் தரலாம்.

'டிஸ்கிரிப்ஷன்' என்னும் வரி, பொட்டலம் அனுப்புவதில் எந்த வேலையும் செய்வதில்லை. இக்கம்பி தேர்வு அறைக்குப் போகிறது என்று ஒரு மனிதர் பின்னால் வரும் மனிதருக்கு எழுதி வைத்த குறிப்பு அது. இப்பட்டியலிலேயே பெருந்தன்மையான வரி அதுதான் என்று நான் சொல்வேன்.

மூன்றாவது வாசலில் 'ஷட்டவுன்' என்று உள்ளது; அது மூடப்பட்டிருக்கிறது. 'ஐ.பி. ரூட்' என்று தொடங்கும் வரி, 'வேறு வழி தெரியாத பொட்டலங்களை எல்லாம் 192.168.1.1 என்ற முகவரிக்காரரிடம் தள்ளிவிடு' என்று சொல்கிறது. ஊருக்கு வெளியே போகும் சாலை அது. இந்த ஒரு வரி இல்லாவிட்டால் கட்டடத்துக்குள் எல்லாம் சரியாக நடக்கும்; வெளி இணையம் மட்டும் கிடைக்காது.

பட்டியலில் இல்லாததையும் படிக்கத் தெரிய வேண்டும். முதல் இரண்டு வாசல்களும் திறந்திருக்கின்றன. ஆனால் 'திறந்திருக்கிறது' என்று எந்த வரியும் கூறவில்லை. பொதுவாக, இயல்பான நிலையில் உள்ளவற்றை ரூட்டர் எழுதிக் காட்டுவதில்லை. இயல்பிலிருந்து மாறியவற்றை மட்டுமே எழுதும். இல்லாவிடில் பட்டியல் பன்மடங்கு நீண்டுவிடும். எல்லாவற்றையும் காண விரும்பினால், கட்டளையின் முடிவில் 'ஆல்' என்று சேர்க்கலாம்.

பெரிய ரூட்டர்களில் பட்டியல் ஆயிரக்கணக்கான வரிகள் நீளும். ஒரு திரை நிறைந்ததும் 'மோர்' என்று கூறி நிற்கும்; இடைவெளி விசையைத் தட்டினால் அடுத்த திரை வரும். குறிப்பிட்ட சொல் வரும் வரிகளை மட்டும் காண, கட்டளையின் பின் ஒரு செங்குத்துக் கோடு இட்டு, 'இன்குளூட்' என்ற சொல்லையும் நாம் தேடும் சொல்லையும் எழுதினால் போதும்.

நினைப்பு, எழுத்து, நடப்பு

இவ்வளவு பாடுபட்டு நடப்பு விதிகளை ஏன் பார்க்க வேண்டும்? ஒரு கல்லூரியைக் கற்பனை செய்துகொள்வோம். புதிதாக ஒரு தேர்வு அறை கட்டினார்கள். பொறியாளர் வந்து, ரூட்டரில் அவ்வறைக்கான விதிகளை எழுதினார். உடனே இணைப்பு கிடைத்தது. அனைவருக்கும் மகிழ்ச்சி. அவரும் போய்விட்டார். மூன்று வாரம் எந்தக் குறையும் இல்லை. ஓர் இரவு இடி மின்னல்; மின்சாரம் நெடுநேரம் நின்றது. யூ.பி.எஸ். மின்கலமும் தீர்ந்தது. மறுநாள் காலை கணிப்பொறி வழித் தேர்வு. மற்ற அறைகளில் எல்லாம் இணைப்பு உள்ளது. தேர்வு அறையில் மட்டும் இல்லை. கம்பியைப் பிடுங்கிச் செருகிப் பார்க்கிறார்கள். கணிப்பொறிகளை அணைத்து ஏற்றுகிறார்கள். மாணவர்கள் கவலையோடு காத்திருக்கிறார்கள்.

நடந்தது என்ன என்பதை நீங்கள் இப்போது ஊகித்திருப்பீர்கள். பொறியாளர் எழுதிய விதிகள் ரேமில் மட்டுமே இருந்தன. அவற்றை என்.வி.ரேமுக்குப் படியெடுக்கும் கட்டளையை அவர் இடவில்லை. மின்சாரம் போனது, மின்தேக்கிகள் வடிந்தன, ரூட்டர் மீண்டும் விழித்தபோது பழைய தொடக்க விதிகளையே படித்தது. அவற்றில் தேர்வு அறையே கிடையாது. தவறு நடந்தது மூன்று வாரம் முன்பு. அது வெளிப்பட்டதோ தேர்வு நாளன்று. வலையமைப்புத் தொழிலில் மிகவும் பழைய தொல்லை இதுதான். படியெடுக்கும் கட்டளை ஒரே வரி:

காப்பி ரன்னிங்-கன்ஃபிக் ஸ்டார்ட்டப்-கன்ஃபிக்

அந்த மூன்று வாரத்தில் ஒரு நாளாவது, நடப்பு விதிகளையும் தொடக்க விதிகளையும் ஒருவர் அடுத்தடுத்துக் காட்டச் சொல்லி ஒப்பிட்டிருந்தால் குறை தெரிந்திருக்கும். தொடக்க விதிகளைக் காண 'ஷோ ஸ்டார்ட்டப்-கன்ஃபிக்' என்று கேட்க வேண்டும்.

ஆக மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. ரூட்டர் இப்படித்தான் இயங்குகிறது என்று நாம் கருதுவது ஒன்று, அது நினைப்பு. சேமித்து வைத்திருப்பது ஒன்று, அது எழுத்து. உண்மையில் பின்பற்றப்படுவது ஒன்று, அது நடப்பு. சுவரில் ஒட்டிய வரைபடமும், கோப்பில் உள்ள தாளும், நம் ஞாபகமும் முதல் வகையையே சேரும். மூன்றும் ஒத்திருக்கும் என்று எடுத்துக்கொள்வதே ஆபத்து. ஆய்வகத்தில் ஒரு சுருளின் மின்தடையை அதன் மேல் ஒட்டிய சீட்டைப் பார்த்து எழுதிவிடுவதில்லை. அளந்து பார்த்துத்தானே எழுதுகிறோம்? அதே ஒழுக்கம் இங்கும் வேண்டும்.

ஒரு சிறு அறிவிப்பின் வலிமை

ஒரு ரூட்டரில் உள்ள விதி அந்தக் கட்டடத்தை மட்டும் பாதிக்கும் என்று எண்ண வேண்டாம். 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் நடந்தது இது. பாகிஸ்தானில் யூடியூப் தளத்தைத் தடுக்கும்படி அரசு ஆணையிட்டது. பாகிஸ்தான் டெலிகாம் நிறுவனம் தன் நாட்டுக்குள் தடுக்கும் நோக்குடன் யூடியூப்பின் 256 முகவரிகள் கொண்ட ஒரு தொகுதிக்கு 'வழி இங்கே' என்று அறிவித்தது. அவ்வறிவிப்பு அந்நாட்டோடு நிற்கவில்லை. மேல்நிலை நிறுவனம் வழியாக உலக ரூட்டர்களுக்கும் பரவிவிட்டது.

யூடியூப் தானே செய்திருந்த அறிவிப்பு 1024 முகவரிகள் கொண்ட பெரிய தொகுதிக்கு. ரூட்டர்களின் அடிப்படை விதி ஒன்று உண்டு: ஒரு முகவரிக்கு இரண்டு வழிகள் தெரிந்தால், எது இன்னும் குறுகிய தொகுதியைத் துல்லியமாகச் சுட்டுகிறதோ அதையே தேர்ந்தெடு. 256 என்பது 1024ஐவிடத் துல்லியமானது அல்லவா? எனவே உலகின் பல பகுதிகளிலிருந்து யூடியூப்புக்குச் சென்ற பொட்டலங்கள் பாகிஸ்தானுக்குத் திரும்பி, அங்கே குப்பையில் விழுந்தன. நிலைமை முற்றிலும் சீராக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ரூட்டர்கள் பழுதடையவில்லை, தமக்குக் கிடைத்த விதிகளை அவை பிசகாமல் பின்பற்றின. அதனால்தான் தொல்லை!

நுனிக்கொம்பும் அடிமரமும்

பார்க்கும் கட்டளை எதையும் மாற்றாது. எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். மாற்றும் கட்டளை அப்படியன்று. சிஸ்கோ முறையில் என்டர் விசையைத் தட்டிய நொடியிலேயே பல விதிகள் நடப்புக்கு வந்துவிடும். தொலைவிலிருந்து பேசும்போது, நாம் பேசிக்கொண்டிருக்கும் வாசலையே தவறி மூடிவிட்டால்? நுனிமரத்தில் இருந்துகொண்டு அடிமரத்தை வெட்டிய கதைதான். அடுத்த கட்டளையை அனுப்ப வழியே இராது.

இதற்கு ஓர் அழகான உபாயம் உண்டு. மாற்றத்தைத் தொடங்குமுன் 'ரீலோட் இன் 10' என்று சொல்லி வைப்பார்கள். பத்து நிமிடம் கழித்து ரூட்டர் தானே அணைந்து எழும். மாற்றம் சரியாக அமைந்தால் அந்த ஆணையை ரத்து செய்துவிடலாம். இணைப்பு அறுந்து போனாலோ, பத்து நிமிடத்தில் ரூட்டர் மீண்டும் எழுந்து, என்.வி.ரேமில் உள்ள பழைய விதிகளைப் படித்து, பழையபடி நிற்கும். தேர்வு அறையைக் கெடுத்த அதே மறதி இங்கே காப்பாற்றுகிறது!

ஜூனிப்பர் கம்பெனியின் ரூட்டர்களில் முறையே வேறு. அங்கு எழுதும் விதிகள் முதலில் வெறும் வரைவாகவே நிற்கும். 'கமிட்' என்று ஆணையிட்ட பின்புதான் நடப்புக்கு வரும். 'கமிட் கன்ஃபர்ம்ட்' என்றால், குறித்த நேரத்துக்குள் மீண்டும் உறுதி செய்யாவிடில் பழைய விதிகளுக்கே திரும்பிவிடும்.

2021ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆகியவை உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நின்றுபோயின. பராமரிப்பின்போது இட்ட ஒரு கட்டளை, அந்நிறுவனத்தின் முதுகெலும்பு வலையமைப்பின் இணைப்புகளையெல்லாம் துண்டித்துவிட்டது. இத்தகைய தவறான கட்டளைகளைத் தடுப்பதற்கென்றே இருந்த சோதனை நிரலிலும் குறை இருந்தது என்று நிறுவனமே பின்னர் விளக்கியது. தொலைவிலிருந்து ரூட்டர்களை எட்டவும் முடியவில்லை. பொறியாளர்கள் நேரிலேயே செல்ல வேண்டியதாயிற்று.

விதி வேறு, விளைவு வேறு

ஓர் எச்சரிக்கை. நடப்பு விதிகள் ரூட்டருக்கு இடப்பட்ட ஆணைகளையே காட்டும்; அந்த ஆணைகளால் நேர்ந்த விளைவைக் காட்டா. வாசல் திறந்திருக்க வேண்டும் என்று விதி இருக்கலாம். ஆனால் எலி கம்பியைக் கடித்திருக்கலாம். நோயாளியின் மருந்துச் சீட்டை மட்டும் பார்த்து அவர் காய்ச்சல் எவ்வளவு என்று சொல்ல முடியுமா? வாசல்களின் நிலையை அறிய 'ஷோ ஐ.பி. இன்டர்ஃபேஸ் பிரீஃப்' என்றும், ரூட்டர் அறிந்துள்ள வழிகளை அறிய 'ஷோ ஐ.பி. ரூட்' என்றும் தனியே கேட்க வேண்டும். விதியையும் விளைவையும் சேர்த்துப் பார்ப்பவரே பழுதைக் கண்டுபிடிப்பார்.

இன்னொன்று. இப்பட்டியலில் கடவுச்சொற்களும் இடம்பெறும். அவற்றுள் சில, மீட்க முடியாத வகையில் உருமாற்றப்பட்டிருக்கும். '7' என்ற எண்ணுடன் தோன்றும் வகையோ எளிதில் அவிழ்க்கக் கூடியது. எனவே முழுப் பட்டியலையும் படம் பிடித்துப் பிறருக்கு அனுப்புவது, வீட்டுச் சாவியை அச்செடுத்துக் கொடுப்பதற்குச் சமம்.

செய்து பாருங்கள்

ரூட்டர் கைவசம் இல்லையே என்று வருந்த வேண்டாம். விண்டோஸ் கணிப்பொறி இருந்தால், கமாண்ட் பிராம்ப்ட் என்னும் கருப்புத் திரையைத் திறந்து 'ஐபிகன்ஃபிக்' என்று எழுதுங்கள். லினக்ஸ் கணிப்பொறியாயின் 'ஐ.பி.' என்று எழுதி, ஓர் இடம் விட்டு 'அட்ரஸ்' என்று எழுதுங்கள். உங்கள் கணிப்பொறி இந்த நிமிடத்தில் பயன்படுத்தும் முகவரியும் தெருவைக் காட்டும் எண்ணும் தோன்றும். அவற்றை இரும எண்களாக மாற்றி, உங்கள் தெருவில் எத்தனை வீடுகள் இருக்கலாம் என்று கணக்கிடுங்கள்.

மேலும் செய்ய விரும்புவோர் பாக்கெட் டிரேசர் என்னும் மாதிரி நிரலை ஆசிரியர் துணையோடு இலவசமாகப் பெறலாம். அதில் திரையிலேயே ஒரு ரூட்டர் கிடைக்கும். அதற்கு உங்கள் பெயரைச் சூட்டுங்கள். நடப்பு விதிகளைக் காட்டச் சொல்லுங்கள், பெயர் இருக்கும். தொடக்க விதிகளைக் காட்டச் சொல்லுங்கள், இராது. இப்போது சேமிக்காமலே ரூட்டரின் மின்சாரத்தை நிறுத்தி, மீண்டும் கொடுங்கள். உங்கள் பெயர் என்னவாயிற்று என்று பாருங்கள். பின்னர் பெயரைச் சூட்டி, சேமித்து, அதே சோதனையை மறுபடியும் செய்யுங்கள். இரண்டு முறையும் ரூட்டர் என்ன விடை தரும் என்பதைச் சோதனைக்கு முன்பே நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் நினைப்பும் ரூட்டரின் நடப்பும் ஒத்துப் போகின்றனவா என்பது அப்போது தெரிந்துவிடும்.